அழித்துவிட்டுப் போன கோடுகள்

கொச்சியில் எங்கள் கொச்சங்காடிக்கு வீடு வீடாகத் தேர்தல் ஸ்லிப் கொண்டுவருவார் ஒரு கட்சிக்காரர். பெயர் கேட்டதில்லை. மெலிந்த உடம்பு, காதில் செருகிய பென்சில். ஓட்டுப் போடுகிறோம் என்று நாங்கள் சொன்னதும் பட்டியலில் எங்கள் பெயர்களுக்கு நேரே கோடு போட்டுக்கொள்வார். சாயா கொடுத்தால், "ஜெயிச்சிட்டு வந்து குடிக்கறேன்" என்பார்.

போன முறை அவர் ஓட்டுக் கேட்ட ஆள் ஜெயித்தார். ஆறே மாதத்தில் ஆளும் கட்சிக்குத் தாவி மந்திரியும் ஆனார். அவரைத் தகுதிநீக்கம் செய்யக் கோரிய மனு சபாநாயகரின் மேசையில் கிடந்தது.

ஒரு நாள் ஸ்லிப்காரர் அதே பட்டியலோடு வாசலில் நின்றார்.

"மன்னிக்கணும் சாரே. நான் சொல்லியல்லோ நீங்க ஓட்டுப் போட்டீங்க."

"நீங்க என்ன செய்வீங்க சேட்டா? கட்சி மாறினவர் பதவியை ராஜி வச்சிட்டு, மறுபடி நம்மகிட்ட ஓட்டுக் கேட்டு வரணும். அதானே முறை?"

"அவரு வரமாட்டாரு. அதான் நான் வந்தேன்."

பென்சிலைத் திருப்பி, அதன் நுனி ரப்பரால் எங்கள் வீட்டு நான்கு கோடுகளையும் அழித்தார். துகளை ஊதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். சாயா அன்றும் குடிக்கவில்லை.

சபையின் காலம் முடியும்வரை மந்திரி மந்திரியாகவே இருந்தார். மனுவும் மேசையிலேயே இருந்தது.

இந்தத் தேர்தலுக்கு ஸ்லிப் கொண்டுவந்தவர் வேறொருவர். பென்சிலை எடுத்துக்கொண்டு, "நாலும் நமக்குத்தானே சாரே?" என்றார்.

 பதிலுக்குக் காத்திராமல் அவராகவே நான்கு கோடு போட்டுக்கொண்டார்.