ஒரு கொப்பியும் எட்டுக் கிளாக்கர்மாரும்

பியோன் வேலை என்றால் தேத்தண்ணி கொடுப்பது என்று நினைப்பவர்கள், ஒரு கந்தோரிலும் வரிசையில் நின்று கால் கடுக்காதவர்கள். நின்று நொந்த உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

சண்டைக் காலத்தில், திருகோணமலைத் துறைமுகத்தடியில், மீனவருக்குக் கடல் பாஸ் கொடுக்கும் கந்தோர் ஒன்றில் நான், செல்லத்தம்பி, அமைய ஊழியனான பியோன். படித்தது ஐந்தாம் வகுப்பு. நிரந்தரமாக்குவார்கள் என்று பதினொரு வருடம் காத்திருந்தேன்.

ஒரு தாள், ஒரு கையெழுத்து

இன்ன வகைப் படகு யார் யாரிடம் இருக்கிறது என்று மேலிடம் திடீர் திடீரென்று கேட்கும். பட்டியல் போகும்வரை ஒருவருக்கும் பாஸ் இல்லை. பாசுக்கு மீனவர் எழுதிக் கொடுத்த தாள்கள் படகு வாரியாகப் பிரிக்கப்படவில்லை. அலுமாரியில் உள்ள அத்தனையையும் முதலிலிருந்து கடைசிவரை வாசிக்க வேண்டும்.

ஒரே தாளை இரண்டு பேர் வாசிக்கக் கூடாது, ஒன்றும் தவறவும் கூடாது. அதற்குப் பெரிய கிளாக்கர் என் மேசையில் ஒரு கொப்பி வைத்தார். வாசிக்க வரும் கிளாக்கர் அதில் அடுத்த தாளின் இலக்கத்தை எழுதி, கையெழுத்து வைத்தால்தான் நான் தாளைக் கொடுக்கலாம். வாசிக்க அரை நிமிடம், கொப்பிக்குக் காத்து நிற்க ஐந்து நிமிடம். வேலை நகரவில்லை என்று நாலு கிளாக்கர்மாரை எட்டாக்கினார். எட்டுப் பேரும் என் மேசையடியில் நின்றார்கள். வெளியே பாசுக்குக் காத்திருந்த மீனவன் உப்புவெளி அன்ரனி யன்னலால் எட்டிப் பார்த்தான்.

“என்ன அண்ணை, உள்ளுக்கை நிக்கிறவையும் பாசுக்கே நிக்கினம்?”

ஐம்பது ஐம்பதாக

ஒரு கையெழுத்துக்கு ஐம்பது தாள் கொடுப்போம் என்றேன். “உமக்கென்ன தெரியும்?” என்றார் பெரிய கிளாக்கர். அவர் மாவட்டக் கந்தோரான கச்சேரியில் கூட்டத்துக்குப் போன அன்று கொடுத்துப் பார்த்தேன். ஐந்து நாள் வேலை ஒரே நாளில் முடிந்தது. மறுநாள் வந்தவர் என்னை மட்டும் தனியே கூப்பிட்டார்.

“இது என்ரை யோசனை எண்டு மேலை எழுதிறன். உமக்கு நிரந்தரம் எழுதித் தாறன். வாயை மட்டும் திறவாதையும்.”

கடைசிக் கட்டு

அதிலும் ஒரு வில்லங்கம் வந்தது. கிண்ணியா ரஹீம் காக்கா எந்தத் தாளையும் இரண்டு தரம் வாசிக்கிற கிளாக்கர். கடைசி ஐம்பது அவர் கையில் விழுந்தது. மற்ற ஏழு பேரும் முக்கால் மணி நேரம் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கந்தோர் மூடும் நேரமாகி, அன்ரனிக்கு அன்றும் கடல் இல்லை.

அதன் பிறகு முடிவு நெருங்க நெருங்கக் கட்டைப் பத்தாக்கினேன். கடைசியில் ஒவ்வொரு தாளாகக் கொடுத்தேன். எட்டுப் பேரும் ஏறக்குறைய ஒன்றாக எழும்பினார்கள். ரஹீம் காக்கா சிரித்தார்.

“எங்கட கந்தூரிச் சாப்பாட்டிலயும் இப்படித்தான், சட்டிட அடி தெரிஞ்சா கரண்டியச் சின்னதாக்கிருவாங்க.”

கொம்பியூட்டர்

பிறகு தாளெல்லாம் கொம்பியூட்டருக்குள் போயிற்று. கொழும்பிலிருந்து வந்த பொறியியலாளர், தேடுகிற வேலையை எட்டாகப் பிரித்துவிட்டேன் என்றார். ஒன்றாக ஓடியதைவிட எட்டாக ஓடியது மெதுவாக இருந்தது. அடுத்துத் தேட வேண்டிய பக்கத்தின் இலக்கம் உள்ளே ஒரே இடத்தில் இருக்கிறதாம். எட்டில் ஒன்று அதைப் பூட்டி எடுக்கும்வரை மற்ற ஏழும் பூட்டுத் திறக்கக் காத்து நிற்குமாம். எனக்கு என் கொப்பியே கண்முன் வந்தது. கட்டுக் கட்டாகக் கொடுங்கோ, முடியப் போகேக்கை சின்னதாக்குங்கோ என்றேன். அவர் மாற்றினார். தேத்தண்ணி ஆறுமுன் பட்டியல் வந்தது. பெரிய கிளாக்கர் எனக்கு முன்னால் வந்து நின்று அவருக்குக் கைகொடுத்தார்.

“இது நான் கண்டுபிடிச்ச முறை, தம்பி. இவர் எனக்குப் பக்கத்திலை நிண்டு பழகினவர்.”

என் கோப்பு

அதற்காகப் பெரிய கிளாக்கருக்குப் பதவி உயர்வு வந்தது. என் நிரந்தரக் கோப்புக்கு ஏழு பேர் கையெழுத்து வேண்டும். கோப்போ ஒன்று, அது அவருடைய மேசை லாச்சியில் கிடந்தது. மேல்மாடிக்கு ஏறிப் போய்க் கேட்டேன். கதிரையில் சாய்ந்தபடி சொன்னார்.

“ஒரு கோப்பை ஒராள் வைச்சிருக்கேக்கை மற்ற ஆக்கள் காத்துத்தானே நிக்க வேணும், செல்லத்தம்பி?”

எட்டுப் பேரையும் ஒரு கொம்பியூட்டரையும் வரிசையிலிருந்து விடுவித்த நான், அமைய ஊழியனாகவே வீட்டுக்கு வந்து, அந்த ஏழு கையெழுத்துக்காக, ஆளில்லாத ஒரு வரிசையில் இன்றைக்கும் முதல் ஆளாக நிற்கிறேன்.