வாயால் வரவழைக்காதே

கணவரின் வேலைச் சட்டையில் அப்பியிருந்த கிரீஸைச் சோப்பும் பிரஷ்ஷுமாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள் அவள். இருபத்தைந்து வருஷமாக லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி. கிரீஸுக்கு அவள் சளைத்ததில்லை. பயமெல்லாம் சொல்லுக்குத்தான்.

ஏழு வயதில், ஏணிமேல் நின்று பரணைத் துடைத்த அம்மாவைப் பார்த்து, "விழப்போறே பாரு" என்றாள். அம்மா விழுந்தாள்; முதுகு போயிற்று. "வாயால வரவழைச்சிட்டியேடி" என்று அத்தை ஒரே ஒருமுறைதான் சொன்னாள். ஆயுசுக்கும் அது போதுமாயிருந்தது. கண்ணீரை வரவழைக்க ஒரு வெங்காயம், விருந்தாளியை வரவழைக்க ஒரு போன், கெடுதலை வரவழைக்க ஒரு சொல்.

ஆகவே அவள் வீட்டில் எதுவும் உடையாது, கெடாது. பல்பு ஃபியூஸ் போனால் "ஓய்வெடுக்குது."

"அம்மா, என் செருப்பும் ஓய்வெடுத்துடுச்சு. புதுசு வாங்கித் தா" என்று மகள் கேலி செய்வாள்.

கணவருக்கு எழுதப் படிக்க வராது; அலுவலகக் கடிதமெல்லாம் இவள் கையால்தான். திங்கட்கிழமை அவர் சொல்லச் சொல்ல எழுத உட்கார்ந்தாள். "லிஃப்ட்டோட மெயின் கயிறு இழை இழையா பிரியுது. உடனே நிறுத்தலைன்னா அறுந்து விழும்."

மகள் வேலை பார்ப்பது அந்த லிஃப்ட் ஓடும் கட்டடத்தின் ஏழாவது மாடியில். 'அறுந்து' என்ற இடத்தில் பேனா நகரவில்லை. 'கயிறு பழையதாகிவிட்டது. வசதிப்படும்போது மாற்றினால் நல்லது' என்று எழுதி நீட்டினாள். அவர் கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோனார்.

இன்று மகள் வேலைக்குக் கிளம்பிப் போன கொஞ்ச நேரத்தில், அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார். "பில்டிங் மேனேஜர் சிரிக்கிறான். 'வசதிப்படும்போதுன்னு நீயேதானே எழுதிக் குடுத்தே, அடுத்த மாசம் பாப்போம்'ங்கிறான். நானே நிறுத்திடலாம்னா லிஃப்ட் மெஷின் ரூம் சாவியையும் தரமாட்டேங்கிறான். நான் அப்படியாடி சொன்னேன்?"

"வாயால வரவழைக்க வேண்டாம்னுதாங்க..."

"நீ எழுதலைன்னா கயித்துக்குத் தெரியாமப் போயிடுமா?"

அவர் ஒரு தாளை மேஜைமேல் வைத்தார். "இப்ப எழுது. எழுத்துல இருந்தாத்தான் நிறுத்துவானாம்."

ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தேதி போட்டாள். 'ஐயா' என்று எழுதினாள். பல்லைக் கடித்துக்கொண்டு மிச்சத்தையும் எழுதினாள். அறுந்து விழும். ஏழு வயதுக்குப் பிறகு முதல்முறை. எழுத்து கோணல்மாணலாக இருந்தது, படிக்க முடிந்தது.

அவர் தாளை உருவி நாலாக மடித்தார்.

"ஏங்க, அவ இந்நேரம் லிஃப்ட்டுலதானே ஏறியிருப்பா?" என்றாள். "நான் எழுதினதால ஒண்ணும் ஆயிடாதுல்ல?"

அவர் தாளைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு வெளியே போனார்.