மருந்துப் பையோடு ஆழ்வார்குறிச்சிக்கு

சனிக்கிழமை காலை ஆறேகால் மணி. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு வாசலில் ஆட்டோ வந்து நின்றபோது நான் மூன்றாவது தடவையாக மருந்துப் பையைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இன்சுலின் பேனா இரண்டு (நாளுக்கு ஒரு தடவை போடுவது ஒன்று, சாப்பாட்டுக்கு முன்னால் போடுவது ஒன்று), இரண்டுக்கும் மாற்று மருந்து, ஊசிகள், விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் கருவி, குளுக்கோஸ் பொட்டலம். "ஒரு நாளுக்குத்தான கிரேஸ் போறோம், அமெரிக்காவுக்கா?" என்றார் என் கணவர் சாம். அவருக்கென்ன, கேட்பார். ரயில் ஜங்ஷன் வரைக்கும் ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய்.

எங்கள் மகன் ஆரோனுக்கு இரண்டே முக்கால் வயது. ஒரு வயது தாண்டிய கொஞ்ச நாளில் அவனுக்கு நீரிழிவு என்று தெரிந்தது. பெரியவர்களுக்கு வருவது போலல்ல இது. அவன் உடம்பில் இன்சுலின் சுரக்கவே சுரக்காது. ஒவ்வொரு வேளையும் விரலில் குத்திப் பார்த்து, அளவாக ஊசி போட்ட பிறகுதான் இட்லியோ சோறோ கொடுக்கலாம். இந்த ஒன்றரை வருஷத்தில் நாங்கள் ஒரு ராத்திரிகூட வெளியூரில் தங்கியதில்லை. அவனை யாரிடமும் விட்டதுமில்லை, என் அம்மாவிடம்கூட. சொந்தக்காரர்கள் "வாங்க, வாங்க" என்பார்கள், ஆனால் குரலிலேயே பயம் தெரியும். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, எனக்கே பயம்தான்.

ரோஸ்லின் அக்கா மட்டும் விடவில்லை. ஆசிரியப் பயிற்சியில் எனக்கு ஒரு வருஷம் மூத்தவள், கடற்கரை ஊரான உவரிக்காரி. இப்போது ஆழ்வார்குறிச்சியில் பள்ளிக்கூடத்து டீச்சர். அவள் கணவர் அந்தோணி அண்ணாச்சி உவரியிலிருந்து மீன் வரவழைத்து அம்பாசமுத்திரத்தில் விற்கிறார். "எதுனாலும் பாத்துக்கிடலாம்ட்டீ, பிள்ளையக் கூட்டிட்டு வா" என்று மாசத்துக்கு ஒரு தடவை போன் செய்வாள். அதற்கு மேல் மறுக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

ஏழு மணி வாக்கில் செங்கோட்டை பாசஞ்சர் புறப்பட்டது. ஆளுக்குப் பதினைந்து ரூபாய், ஆரோனுக்கு டிக்கெட் இல்லை. சேரன்மகாதேவி தாண்டி இரண்டு பக்கமும் வயல் விரிய, பையன் ஜன்னல் கம்பியை விட்டு நகரவில்லை. நான் அவன் விரலைக் குத்துவதைப் பார்த்துவிட்டு எதிர் சீட்டுப் பெரியவர் குனிந்தார். மேலப்பாளையத்துக்காரர், கடையத்தில் மகள் வீட்டுக்குப் போகிறாராம்.

"இத்துனூண்டு பிள்ளைக்கா சுகரு? யா அல்லாஹ். எங்க தெருவுல ஒருத்தர் ஒரு வேரு தாராரு, பாத்துக்கிடுங்க..."

இந்த வேர், பட்டை, விதை எல்லாம் எனக்கு மனப்பாடம். வழக்கமாக நான் வெடுக்கென்று எதையாவது சொல்வேன். அன்று ஊருக்குப் போகிற சந்தோஷத்தில் சும்மா சிரித்து வைத்தேன். அவரும் அதற்கு மேல் வைத்தியம் பேசாமல், ஆரோனோடு விளையாட ஆரம்பித்துவிட்டார். எட்டேகாலுக்கு நாங்கள் ஆழ்வார்குறிச்சியில் இறங்கும்போது அவன் அவரைவிட்டு வர மாட்டேன் என்று அழுதான்.

ஸ்டேஷனிலிருந்து அக்கா வீடு ஒன்றரைக் கிலோமீட்டர். மேற்கே மலை, கிட்டத்தில் கடனாநதி. அக்கா எங்களைப் பார்த்ததும் ஆரோனைத் தூக்கிக்கொண்டாள். நான் கருவியையும் குளுக்கோஸையும் மட்டும் என் தோள்பையில் எடுத்துக்கொண்டு, மருந்துப் பையைக் குளிர்ப்பெட்டிக் கதவில் முட்டை வைக்கிற தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். "இது கெட்டா எல்லாம் கெட்டுது, அக்கா" என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொன்னேன். வினையே அந்த வார்த்தையில்தான் இருந்தது.

பத்து மணிக்குக் கரண்ட் போனது. அக்கா வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தாள், நாங்கள் மூன்று பேரும் ஆற்றங்கரையில் இருந்தோம். பன்னிரண்டரைக்கு வீடு திரும்பினால் சாளை மீன் குழம்பு வாசம் தெருவரைக்கும் வந்தது. ஆரோன் வாசலிலேயே "மாமு, மாமு" என்று சோற்றுக்கு ஆரம்பித்துவிட்டான். ஊசி போடலாம் என்று குளிர்ப்பெட்டியைத் திறந்தேன். பை இல்லை.

"பயப்படாதட்டீ. கரண்டு போச்சுல்லா, மருந்து கெட்டுருமேன்னு நான் பத்திரமா வச்சிருக்கேன்" என்றாள் அக்கா. பின்கட்டுக்குப் போய், அண்ணாச்சியின் மீன் பெட்டியைத் திறந்து, நொறுக்கின ஐஸுக்குள் கையை விட்டுப் பையை எடுத்தாள். மேலே கல்லுப்பு தூவிய ஐஸ். அப்படிச் செய்தால் குளிர் இன்னும் ஏறும், மீன் ரெண்டு நாள் கெடாமல் நிற்கும். உவரியில் பிறந்தவளுக்கு விலைமதிப்பான பொருள் என்றால் வைக்கிற இடம் அதுதான்.

பேனாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மருந்து கட்டியாக உறைந்திருந்தது. நான்கும் அப்படியே. டாக்டருக்குப் போன் செய்தேன். உறைந்த இன்சுலின் உருகினாலும் உதவாது, புதிதாக வாங்குங்கள், அதுவரை மாவுச்சத்து எதுவும் கொடுக்காதீர்கள் என்றார்.

"உங்கள யாரு தொடச் சொன்னா?" என்று கேட்டுவிட்டேன். அக்கா முகம் சுண்டிப்போயிற்று. சொன்ன வார்த்தையை அள்ள முடியுமா? எனக்கு ஆத்திரம் அவள் மேல் பாதி, மாற்று மருந்தையும் ஒரே பையில் வைத்த என் மேல் பாதி.

அந்தோணி அண்ணாச்சி அப்போதுதான் சந்தையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். சாமின் போனிலிருந்த மருந்துச் சீட்டின் படத்தைத் தன் போனுக்கு அனுப்பச் சொல்லிவிட்டு, சட்டையை மாட்டி பைக்கை எடுத்தார். அம்பாசமுத்திரம் பத்துக் கிலோமீட்டர். அரை மணி நேரத்தில் போன் வந்தது.

"ஒண்ணு கிடைச்சிட்டு தங்கச்சி. சாப்பாட்டுக்கு முன்னால போடுறது இங்கன ரெண்டு கடையிலயும் இல்ல. கடைக்காரரு கல்லிடைக்குறிச்சில கேட்டுச் சொல்லிட்டாரு, எடுத்து வச்சிருக்காவளாம். நான் ஆத்துப் பாலத்தத் தாண்டிப் போயிட்டு வாரேன். பிள்ளைய மட்டும் பாத்துக்கிடுங்க."

பிள்ளையோ பசியில் தரையில் உருண்டு அழுதுகொண்டிருந்தான். சோற்றுப் பானையைக் காட்டிக் காட்டி அழுதான். அவ்வளவு நேரமும் சுவரோரம் நின்ற அக்கா, "மீனு குடுக்கலாமாட்டீ?" என்று மெல்லக் கேட்டாள். மீனில் மாவுச்சத்து கிடையாது. எனக்கு அந்த நேரத்தில் தோன்றவே இல்லை. உப்பும் மஞ்சளும் போட்டு ஒரு துண்டு சீலா மீனை அவித்தெடுத்தாள். ஆரோனை மடியில் வைத்து, ஒவ்வொரு இணுக்காக முள் இருக்கிறதா என்று தடவிப் பார்த்து ஊட்டினாள். "இது யாரு மீனு? ஆரோன் மீனு. பைய, பைய. கடல்ல இன்னும் நெறய கெடக்கு." அழுகை நின்றது. முக்கால் மணி நேரம் அந்த ஒரு துண்டை அவள் நீட்டி நீட்டி ஊட்டியதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளும் சாப்பிடவில்லை, நாங்களும் சாப்பிடவில்லை. குழம்பு ஆறிப்போய்க் கிடந்தது.

இரண்டேகாலுக்கு அண்ணாச்சி வந்தார். மருந்தை ஈரத் துண்டில் சுற்றி டிபன் பாக்ஸில் வைத்திருந்தார். "ஐஸ் கிட்டயே கொண்டுபோகல" என்றார், நான் கேட்பதற்கு முன்னாலேயே. ஊசி போட்டு, கால் மணி கழித்து ஆரோன் சோறு சாப்பிட்டான். அதன் பிறகு பெரியவர்கள் நான்கு பேரும் ஒரே பந்தியாக உட்கார்ந்தோம். அந்தக் குழம்பைப் போல நான் எங்கேயும் சாப்பிட்டதில்லை.

பாத்திரம் கழுவும்போது அக்கா என் முகத்தைப் பார்க்காமல், "இனி எங்க வீட்டுக்கு வரமாட்டேல்லா" என்றாள். "அக்கா, நான் பேசினதுதான் தப்பு" என்றேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு, "அப்பம் எனக்குச் சொல்லிக் குடு. தெரியாமத்தான தப்பு வந்தது" என்றாள்.

சாயங்காலம் முழுக்க டீச்சருக்கு டீச்சராக இருந்தேன். தன் விரலிலேயே இரண்டு தடவை குத்திப் பார்த்தாள். இரவுச் சாப்பாட்டுக்கு ஆரோன் விரலை அவள்தான் குத்தினாள். மீன் முள் எடுத்துப் பழகின கை, அவன் ஆவென்றுகூடச் சொல்லவில்லை. மறுநாள் ஞாயிறு, தேவாலயத்தில் காலைப் பூசை முடிந்து வந்ததும் பேனாவில் அளவைத் திருப்பி வைத்து என்னிடம் காட்டிவிட்டு, ஊசியையும் அவளே போட்டாள்.

ஒன்பதரைக்கு இட்லித் தட்டைக் கழுவிக்கொண்டே அக்கா சொன்னாள், "இவன என்கிட்ட விட்டுட்டு ரெண்டு பேரும் பாபநாசம் போய்க் குளிச்சிட்டு வாங்க." இந்த ஒன்றரை வருஷத்தில் எங்களிடம் அப்படி யாரும் சொன்னதில்லை. சாம் என்னைப் பார்த்தார். நான் ஆரோனைப் பார்த்தேன். அவன் அண்ணாச்சியின் தராசுக்கல்லை உருட்டிக்கொண்டு என்னைக் கவனிக்கவே இல்லை.

பாபநாசத்துக்குப் பதினைந்து கிலோமீட்டர் இருக்கும், இரண்டு பஸ். பெண்களுக்கு இலவசம் என்பதால் எனக்கு டிக்கெட் இல்லை, சாமுக்கு மொத்தம் பதினெட்டு ரூபாய். வழியெல்லாம் நான் போனையே பார்த்துக்கொண்டு வந்தேன். கோயிலுக்கு எதிரே படித்துறையில் நல்ல கூட்டம். சாம் நீந்திக்கொண்டிருந்தார். நான் முழங்கால் தண்ணீரில், போனைக் கையில் உயர்த்திப் பிடித்தபடி நின்றேன். மீன்கள் காலைக் கடித்தன.

பதினொன்றுக்குப் போன் அடித்தது.

"நூத்தி நாப்பத்திரெண்டு" என்றாள் அக்கா. "கொய்யாப்பழம் கேக்கான். சின்னதா ரெண்டு துண்டு குடுக்கட்டா?"

அந்தச் சர்க்கரை எண்ணை இதுவரை வீட்டில் நான்தான் பார்ப்பேன், நான்தான் சொல்வேன். இன்னொருத்தர் வாயால் கேட்பது அதுதான் முதல் தடவை. "குடுங்க அக்கா" என்றேன்.

"நீ என்னட்டீ, இன்னும் முங்கலயா? போன வை."

எங்கள் வீட்டுக் குழாயிலும் தாமிரபரணித் தண்ணீர்தான் வருகிறது. ஆனால் அங்கே நான் குளியலறைக் கதவைத் தாழ்போடுவதில்லை. காது முழுக்க வெளியில் வைத்துக்கொண்டு அரைகுறையாகத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு ஓடி வருவேன். போனைச் சாமிடம் கொடுத்தேன். இன்னும் மூன்று படி இறங்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கினேன். உள்ளே ஒரு சத்தமும் கேட்கவில்லை. மூச்சு முட்டுகிற வரைக்கும் நான் மேலே வரவில்லை.