விஜயதசமி காலையில் கண் திறக்காத கணினி

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் என் கணினிக்குப் புது டிஸ்க் போட்டேன். ஆரணியில் பட்டுச் சேலைக்கு டிசைன் போட்டுக் கொடுப்பது என் தொழில். கணினியை இயக்கும் லினக்ஸ் குடியிருந்த பகுதியை, அதாவது ரூட் பார்ட்டிஷனை, அப்படியே பழைய டிஸ்க்கிலிருந்து புதியதற்கு மாற்றினேன். இரண்டும் மாட்டியிருக்கும்போதே கணினியைப் போட்டுப் பார்த்தேன். ஜம்மென்று வந்தது. பழையதைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். எழுந்து வந்தது பழைய டிஸ்க்கில் இருந்த லினக்ஸ்தான் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

விஜயதசமி காலை, தொழில் தொடங்கலாம் என்று சுவிட்சைத் தட்டினால், கறுப்புத் திரையில் ஒற்றை வரி. அப்படி ஒரு டிஸ்க்கே இல்லையாம்! கணினியை எழுப்பிவிடும் பூட் லோடர் இன்னும் பழைய பார்ட்டிஷனின் அடையாள எண்ணையே தேடிக்கொண்டிருந்தது. புதியதற்கு வேறு எண்.

பழையதையே மாட்டித் தொலைப்போம் என்று, ஆயுதங்களோடு பூஜைக்குப் போயிருந்த அதை எடுக்கப் பூஜை அறைக்கு ஓடினேன். கத்தரிக்கோலுக்கும் ஸ்குரூடிரைவருக்கும் நடுவில் சாமி முன்னால் இருந்தது. கேபிள் மாட்டும் வாய் முழுக்கச் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

"யாரு வேல இது?"

"நான்தான்," என்றார் என் வீட்டுக்காரர். "ஆயுதத்துக்குப் பொட்டு வெக்காம பூஜ பண்ணுவாங்களா?"

"அதுக்கு? கேஸ் அடுப்புக்குப் பொட்டு வெக்கச் சொன்னா பர்னர் ஓட்டைலயா வெப்பீங்க?"

அந்த நேரம் பார்த்து நெசவுக்கார அண்ணனிடமிருந்து போன். ஊரார் பெண்களுக்கெல்லாம் முகூர்த்தச் சேலை நெய்தவர், அன்று தன் சொந்த மகளின் கல்யாணச் சேலையைத் தொடங்க இருந்தார். கரையில் அன்னப்பட்சி வேண்டும் என்று அந்தப் பெண்ணே கேட்டு நான் வரைந்தது. அதைத் தறியில் டிசைனை விழவைக்கும் ஜக்கார்டு கருவிக்குப் புரிகிற கோப்பாக மாற்றும் மென்பொருள் என் கணினியில் மட்டும்தான் இருந்தது.

"இன்னாமா, ரெடியா? நல்ல நேரம் போய்கினு இருக்குது. சொந்தக்காரங்க எல்லாம் வந்து நிக்கிறாங்க. ஜல்தியா வாம்மா."

"தோ, வந்துகினே இருக்கேண்ணா," என்று கூசாமல் புளுகினேன்.

பென் டிரைவில் இருந்த இன்னொரு லினக்ஸைக் கொண்டு கணினியை எழுப்பினேன். அதன் வழியாகப் புது டிஸ்க்குக்குள் நுழைந்து, பூட் லோடரைத் திரும்ப நிறுவி, எதை எங்கே தேடவேண்டும் என்று அதற்குச் சொல்லும் கன்ஃபிக் கோப்பைப் புதிதாக எழுத வைத்தேன். மறுபடி போட்டேன். எழுந்து வந்து பாதியில் நின்றது. எந்தப் பார்ட்டிஷனை எங்கே ஏற்றவேண்டும் என்று சொல்லும் கோப்பிலும் பழைய எண்களே இருந்தன. சனியன்!

"இன்னும் பேஜாரா?" என்று பின்னாலிருந்து கேட்டார் வீட்டுக்காரர்.

"பேஜார் பண்ணதே நீங்கதான். நகருங்க, வெளிச்சத்த மறைக்காதீங்க."

எண்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டு மாற்றினேன். மறுபடி போட்டேன். கறுப்புத் திரை, ஓடும் எழுத்துகள், பிறகு என் பெயர் கேட்கும் நீலத் திரை.

"வந்துட்ச்சு!" என்று நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. நான் அன்னப்பட்சி டிசைனைக் கோப்பாக மாற்றி முடிப்பதற்குள் வீட்டுக்காரர் ஸ்கூட்டரைக் கிளப்பி வாசலில் தயாராக நின்றார். இதிலாவது புத்தி வேலை செய்ததே!

நல்ல நேரம் முடிவதற்குள் போய்விட்டோம். ஜக்கார்டில் கோப்பை ஏற்றியதும் கொக்கிகள் வரிசையாக எழும்பின. அண்ணன் தறியில் உட்காரவில்லை. மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"மொத இழைய நீ ஓட்டும்மா. இது உன்து."

அவள் இழையைக் குறுக்கே கொண்டுபோகும் நாடாவைத் தள்ளினாள். ஜரிகை சரியான இடத்தில் விழுந்தது. அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கு அது போதவில்லை. இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தேன்.