கோச்சிக்குள்ள நடந்த சோதினை

இந்த நினைவு மலரின்ரை இந்தப் பக்கத்தில வேற ஒரு எழுத்து வந்திருக்க வேணும். தமிழ்ப் பள்ளிக்கூடங்களை நடத்திற நிர்வாகம் என்ரை தங்கச்சிக்கு எழுதி அனுப்பின அஞ்சலி. "தன்னலமற்ற தமிழ்ப்பணி" எண்டு தொடங்கி "ஈடுசெய்ய முடியாத இழப்பு" எண்டு முடியுது. கீழ அந்த நிர்வாகத்தின்ரை தலைவற்றை படம். கலரில போடட்டாம். நான் அதை ரெண்டுதரம் வாசிப்பிச்சுக் கேட்டன். கேட்டிட்டு, அந்தப் பக்கத்தை எனக்குத் தா பிள்ளை எண்டு மருமகளிட்டைச் சொன்னன். அதாலைதான் இதில நான் கதைக்கிறன்.

எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்ல தங்கச்சியின்ரை ஒரே மகள், என்ரை மருமகள், எழுதுறா. "மாமா, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி மண்டபத்தில எல்லாரும் இதைக் கையில வைச்சு வாசிப்பினம், கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கோ" எண்டு அவ தொடங்கேக்கையே சொல்லிப்போட்டா. வாசிக்கட்டும் எண்டுதானே பிள்ளை சொல்லுறன்.

தங்கச்சி வடமராட்சியில கடற்கரைப் பக்கம் பிறந்தவ. எங்கடை அம்மாவுக்கு நாங்கள் ரெண்டுபேர்தான். எனக்கும் அவவுக்கும் ஒன்பது வயசு வித்தியாசம். நான் மூண்டாம் வகுப்போட நிண்டவன். செய்யாத பிழைக்கு வாத்தியார் அடிச்சார், நான் சிலேற்றைத் தூக்கி அவற்றை கால் பெருவிரலில போட்டிட்டு வீட்டை வந்திட்டன். ஐயா திருப்பி இழுத்துக்கொண்டு போனார். மன்னிப்புக் கேள், இருக்க விடுறம் எண்டினம். நான் கேக்கேல்லை. அதோட கடலுக்குப் போயிட்டன். அது சரியெண்டுதான் இண்டைக்கும் நினைக்கிறன். எங்கடை வீட்டில மன்னிப்புக் கேக்காத ஆள் நான் ஒருத்தன்தான் எண்டு கனகாலம் நினைச்சுக்கொண்டிருந்தன். அப்பிடியில்லை எண்டு பிறகு தெரிஞ்சுது. அதுக்கு வாறன்.

அவ நல்லாப் படிச்சா. படிச்ச பள்ளிக்கூடத்திலையே சின்ன வகுப்புக்கு ரீச்சரா வந்தா. சண்டை முத்தி, வகுப்பறையளில இடம்பெயர்ந்த சனம் இருக்கத் தொடங்க, சனம் சமைக்கிற பக்கத்தில ஒரு மூலையைப் பிடிச்சுப் படிப்பிச்சவவாம். புகையிலை பிள்ளையள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வாய்ப்பாடு சொல்லுவினமாம். நான் அப்ப அங்கை இல்லை. ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில இறங்கி, அகதி முகாம் முகாமா மாத்தி, கடைசியா ஜேர்மனி வரைபடத்தின்ரை மேல் நுனியில கொண்டுவந்து விட்டிருந்தாங்கள். டென்மார்க்குக்கு ஒரு எட்டு. காத்து எண்டா அது காத்து. மரமெல்லாம் ஒரு பக்கமாச் சரிஞ்சுதான் நிக்கும். கடலை மறிச்சுக் கட்டின அணையில ஆடு மேயும். சனத்தைவிட ஆடு கூட. நான் ஒரு ஹோட்டலில கோப்பை கழுவினன். பிறகு தங்கச்சியும் மச்சானும் வந்தினம். மருமகள் கனகாலத்துக்குப் பிறகுதான் பிறந்தவ. மச்சான் அவவுக்கு ஆறு வயசு இருக்கேக்க மாரடைப்பில போயிட்டார்.

தங்கச்சி விடுமுறை வீடுகள் துப்பரவாக்கிற வேலைக்குப் போனா. அந்த வேலையில சனிக்கிழமைதான் பெரிய நாள். பழைய ஆக்கள் போக, பின்னேரம் புது ஆக்கள் வாறதுக்கு முந்தி கட்டில் விரிப்பெல்லாம் மாத்தவேணும். தமிழ்ப் பள்ளிக்கூடமும் சனிக்கிழமைதான். எங்கடை பக்கத்தில ஐஞ்சாறு தமிழ்க் குடும்பம், அதுவும் ஊருக்கு ஒண்டாச் சிதறிக் கிடந்தது. படிப்பிக்க ஒருத்தரும் இல்லை. அவ அந்த விடுமுறை வீடுகளின்ரை சொந்தக்காரி பீற்றர்சன் மனுசியிட்டைப் போய், சனி எனக்கு ஏலாது, ஞாயிறு முழுக்க வாறன் எண்டு கேட்டா. மனுசி முகத்தை நீட்டினவ. ரெண்டு சனி தள்ளி, இவள் உண்மையா என்னதான் செய்யிறாள் எண்டு பாக்க வந்து, வகுப்புக் கதவடியில நிண்டு பார்த்திட்டுப் போனா. திங்கக்கிழமை பழைய கரும்பலகை ஒண்டை வாகனத்தில கொண்டுவந்து இறக்கினா. அதோட சனிக்கிழமை தங்கச்சிக்கு.

தேவாலயத்துக்குப் பக்கத்து மண்டபம் ஒண்டு தந்தவை. தங்கச்சி எட்டு மணிக்கே போய் ஹைற்சுங்கை, அதுதான் அறையைச் சூடாக்கிற கருவியை, திறந்து விடுவா, பத்து மணிக்குத்தான் அறை சூடாகும். மேசையளை நான் விரிப்பன். எல்லா வகுப்பும் ஒரே அறையில. சின்னனுகள் ஜன்னல் பக்கம், பெரியவை சுவர்ப் பக்கம். சின்னனுகளுக்கு எழுத்தைக் குடுத்திட்டு, அது காயமுந்திப் பெரியவைக்கு இலக்கணம். பிள்ளையள் தங்களுக்குள்ள ஜேர்மனில குசுகுசுக்குங்கள். அவ ஏசமாட்டா. "அதையே தமிழில சொல்லு, நானும் சிரிக்க" எண்டு கேப்பா. முக்கால்வாசி பகிடி தமிழுக்கு வரேக்க செத்துப்போயிடும். அதுக்குத்தான் எல்லாரும் சிரிப்பினம். இருபது வருசத்துக்குக் கிட்ட ஒரு சதம் வாங்காமல் செய்தவ.

இனிச் சோதினை, அந்த நிர்வாகம் வருசாவருசம் வைக்கிற தமிழ்ப் பரீட்சை. எங்கடை பக்கம் ஆக்கள் குறைவெண்டபடியா, கேள்வித்தாள் கட்டை முத்திரை வைச்சுத் தபாலில தங்கச்சிக்குத்தான் அனுப்புவினம். அவ பிள்ளையளோட பட்டினத்துக்குக் கோச்சியில போய், மேற்பார்வைக்கு வாற ஆளுக்கு முன்னால, பத்து மணிக்கு உடைக்கவேணும். ரயிலை நாங்கள் கோச்சி எண்டுதான் சொல்லுறது. ஜேர்மனி முழுக்க ஒரே நேரம், வகுப்புக்கு ஒரு தாள். நான் சொல்லுற வருசம், பன்ரண்டு வருசத்துக்கு முந்தி, மேற்பார்வைக்கு வரவேண்டியவர் தலைவர்தான்.

நாங்கள் ஒன்பது பேர். ஏழு பிள்ளையள், தங்கச்சி, நான். மருமகளும் ஒராள், அவவுக்குப் பத்தாம் வகுப்புக் கடைசிச் சோதினை. வெளிக்கிடேக்கையே புயல். நடுவழியில தண்டவாளத்தில மரம் விழுந்து, கோச்சி ஒரு குட்டி நிலையத்தில நிண்டிட்டுது. சுத்திவர வயலும் ஆடும். ஒன்பதரை ஆச்சு. தங்கச்சி தலைவருக்குப் போன் எடுத்தா. அவரும் பெருந்தெருவில மறிபட்டு நிக்கிறாராம். அவர் சொன்னது எனக்குக் கேக்கேல்லை. தங்கச்சி சொன்னது கேட்டது.

"ஓம் தம்பி. கோச்சிக்குள்ளையோ? முத்திரையை நானே உடைக்கிறதோ? பேந்து ஆரும் கேட்டா? ஓம், நீங்கள் பொறுப்பெண்டா வைக்கிறன்."

போனை வைச்சிட்டு எனக்குச் சொன்னா, இப்ப எழுதாட்டி இந்தப் பிள்ளையளுக்கு ஒரு வருசம் போயிடும், அங்கையே வைச்சு எழுத விடுங்கோ அக்கா, பொறுப்பு என்ரை எண்டு சொல்லுறார் எண்டு.

ரிக்கற் பாக்கிற பொம்பிளையிட்டைத் தங்கச்சி விசயத்தைச் சொன்னா. அந்தப் பொம்பிளை ஒலிபெருக்கியில, முன் பெட்டியில பிள்ளையள் சோதினை எழுதினம், தயவுசெய்து சத்தம் போடாதேங்கோ எண்டு அறிவிச்சா. மேசை வைச்ச இருக்கையளில இருந்த சனம் எழும்பி இடம் விட்டுது. ஒரு கிழவன் தன்ரை நாயைத் தூக்கிக்கொண்டு மற்றப் பெட்டிக்குப் போனான். சரியாப் பத்துக்கு, அந்தப் பொம்பிளைக்கு முன்னால, தங்கச்சி முத்திரையை உடைச்சா. பிள்ளையளை ஆளுக்கொரு மேசையில, ஒருத்தருக்கொருத்தர் முதுகைக் காட்டி இருத்தினா. ரெண்டு மணித்தியாலம் நடுவில நிண்டவ. இருக்கேல்லை. சின்னப் பெட்டை ஒண்டு, இதுக்கு என்ன ரீச்சர் எண்டு கேட்டுது.

"பன்ரண்டு மணி மட்டும் நான் உனக்கு ரீச்சர் இல்லை. எழுது."

இந்த இடத்தில மருமகள் எழுதுறதை நிப்பாட்டிப்போட்டா. பிறகு சொன்னா:

"நான் கடைசிக் கேள்விக்கு ஒண்டும் எழுதேல்லை மாமா. மறந்துபோச்சு. அம்மாவைப் பார்த்து அழுதனான். அவ கண்டவ. கண்டிட்டு, திரும்பி ஜன்னலாலை ஆட்டைப் பார்த்துக்கொண்டு நிண்டவ. பன்ரண்டு வருசம் எனக்கு அது கோபம்."

எனக்கு இது இப்பதான் தெரியும். எழுதட்டோ எண்டு கேட்டா. எழுது எண்டன்.

பன்ரண்டு மணிக்கு ஏழு தாளையும் வாங்கி உறைக்குள்ள போட்டு ஒட்டினா. ஒட்டின விளிம்புக்கு மேல, ரிக்கற் பாக்கிற பொம்பிளையைக் கொண்டு அந்த ரிக்கற்றில குத்திற இடுக்கியாலை நாலு இடத்தில குத்துவிச்சா. திகதி, நேரம், கோச்சி இலக்கம் எல்லாம் அதில விழும். பொம்பிளை கையெழுத்தும் போட்டவ. பிறகு கோச்சி எங்களைத் திருப்பி ஊருக்கே கொண்டுவந்தது. திங்கக்கிழமை பதிவுத்தபாலில உறையை அனுப்பினா.

எல்லாருக்கும் பெறுபேறு வந்தது. எங்கடை ஏழுக்கும் வரேல்லை. நிர்வாகத்திட்டை இருந்து கடிதம்தான் வந்தது. முத்திரை மண்டபத்துக்கு வெளியில உடைக்கப்பட்டதாம், விடை சொல்லிக் குடுக்கப்பட்டதாம், ரீச்சர் எழுத்தில மன்னிப்புக் கேக்கவேணுமாம். இதை விசாரிக்க நிர்வாகம் வைச்ச கூட்டத்துக்கு நானும் போனனான். தங்கச்சி எழும்பிக் கேட்டா:

"தம்பி, போனில நீங்கள் எனக்கு என்ன சொன்னனீங்கள்?"

அவர் முன்னால கிடந்த கடதாசியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"நான் அப்பிடி ஒண்டும் சொன்ன ஞாபகம் இல்லை அக்கா."

வேற பள்ளிக்கூடத்துப் பெற்றோர் சிலபேர் இதைப்பற்றி முறைப்பாடு குடுத்திருந்தவை. தலைவர் பதவிக் கதிரை ஆடத் தொடங்க, மனுசன் தங்கச்சியைத் தூக்கி அதின்ரை காலுக்கு முட்டுக் குடுத்திட்டார். அவற்றை மகளும் அந்த வருசம் பத்தாம் வகுப்புச் சோதினைதான், அவதான் முதலாவது பரிசு. அந்தப் பிள்ளையை நான் குறை சொல்லேல்லை. உறையைத் திறந்து தாளைப் பாருங்கோ எண்டு தங்கச்சி கேட்டா. ஏழிலையும் சொல்லிக் குடுத்த விடைதான் இருக்கும், பார்க்கத் தேவையில்லை எண்டு பதில் வந்தது. ஒருத்தர் உறையைத் தூக்கிப் பார்த்து, இதென்ன பஸ் ரிக்கற்றோ எண்டார். மண்டபம் சிரிச்சது. ஆர் ஆர் சிரிச்சவை எண்டு எனக்கு வடிவா ஞாபகம் இருக்கு. அதில மூண்டு பேர் இண்டைக்கு இந்த அந்தியேட்டி மண்டபத்திலையும் இருப்பினம்.

தங்கச்சி சிரிப்பு முடியுமட்டும் நிண்டா. "செய்யாததுக்கு எழுதித் தரமாட்டன். என்ரை பிள்ளையளின்ரை தாளைத் தாங்கோ" எண்டு உறையை வாங்கிக்கொண்டு வந்திட்டா.

அதோட நிர்வாகம் அனுப்பிற பாடப்புத்தகம் வாறது நிண்டுது. ஒவ்வொரு குடும்பமா விலகிச்சுது. கடையில கண்டா, சாமான் பாக்கிற மாதிரி மற்றப்பக்கம் திரும்பிற ஆக்களையும் எனக்குத் தெரியும். தங்கச்சி பாடத்தைக் கையாலை எழுதிக் குடுத்து நாலு வருசம் இழுத்தா. கடைசியா ரெண்டு பிள்ளையள். பிறகு ஒரு சனிக்கிழமை ஹைற்சுங்கைத் திறந்து வைச்சுக்கொண்டு ஒருமணி மட்டும் இருந்தம், ஒருத்தரும் வரேல்லை. மேசையை நான்தான் மடிச்சன். தலைவருக்கு அந்த வருசம் பொன்னாடை போத்தினவை.

உறை அவவின்ரை சேலை அலுமாரிக்குள்ள இருந்தது. உடைச்சு எல்லாருக்கும் காட்டுவம் எண்டு வருசத்துக்கு ஒருக்காலாவது கேப்பன். "நான் உடைச்சா, உடைச்சவள் எண்டது உண்மையாப் போயிடும் அண்ணை" எண்டுவா. ஆஸ்பத்திரியில கடைசிக் கிழமையும் கேட்டன். நீங்களும் உடைக்கக் கூடாது எண்டு என்ரை கையைப் பிடிச்சுச் சொன்னவ. நான் ஓமெண்டிட்டன். அந்தச் சொல்லை மீறமாட்டன். வேற ஆளைக் கொண்டு உடைப்பிக்கக் கூடாது எண்டு அவ சொல்லேல்லை.

நன்றி சொல்லுற இடத்துக்கு வந்திட்டன். நோயில கிடக்கேக்க நாள் தவறாமல் வந்து காலுக்கு எண்ணெய் தடவிவிட்ட பீற்றர்சன் மனுசிக்கு நன்றி. ஆஸ்பத்திரித் தாதிமாருக்கு நன்றி. மூண்டு நாளாச் சமையலில நிக்கிற ஆக்களுக்கு நன்றி. பேர் கேக்க மறந்துபோன அந்த ரிக்கற் பாத்த பொம்பிளைக்கும், நாயைத் தூக்கிக்கொண்டு போன கிழவனுக்கும் நன்றி. கோச்சியில எழுதின பிள்ளையள் ஏழும் இண்டைக்கு வருகினம், ஒருத்தர் லீவு எடுத்துக்கொண்டு மியூனிக்கில இருந்து வாறார். அவைக்கும் நன்றி.

தலைவருக்கும் நன்றி. நினைவுரை சொல்ல வரட்டோ எண்டு அவரே போன் எடுத்தார். வாங்கோ எண்டன். பத்து நிமிசம் தந்திருக்கிறம்.

தம்பி, நீங்கள் பேசவேண்டாம், உறையை உடைச்சாப் போதும். தங்கச்சியின்ரை படத்துக்கு முன்னால, விளக்குக்குப் பக்கத்தில உறை இருக்கு. ஒட்டினது ஒட்டினபடி, குத்தினது குத்தினபடி. கத்தரிக்கோலை மருமகள் தானே தேடிக் கொண்டுவந்து வைச்சவ. மருமகள் சொன்ன அந்தக் கடைசிக் கேள்வியைத் தவிர, உள்ளுக்க என்ன இருக்கெண்டு எனக்குத் தெரியாது. ஏழு தாளிலையும் சொல்லிக் குடுத்த விடை இருந்தா, எல்லாருக்கும் முன்னால உங்களிட்டை நான் மன்னிப்புக் கேப்பன், வாழ்க்கையில முதல்தரமா. இல்லாட்டி என்ன சொல்லவேணும், அந்தப் படத்தைப் பார்த்துச் சொல்லவேணும் எண்டு உங்களுக்குத் தெரியும்.

வந்த உறவுகள் பசியோட இருப்பியள். கொஞ்சம் பொறுங்கோ. உறை திறந்த பிறகுதான் சோறு போடுவம்.