அக்கா வயிற்றில் நாத்தனார்

என் அக்காவுக்குச் சலவைக் கடை. ஹோட்டல் மேசைத் துணியில் எந்தக் கறை இருந்தாலும் அவளைக் கண்டால் ஓடிவிடும். அதைக் கடையோடு விட்டாளா? வீட்டிலும் கதவுக் கைப்பிடி, டிவி ரிமோட் என்று கிருமிநாசினி போட்டுத் துடைத்துக்கொண்டே இருப்பாள். சும்மா உட்கார்ந்திருந்தால் என்னையும் துடைத்துவிடுவாளோ என்று எனக்குப் பயம்.

இப்படிப்பட்டவளுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. நான் கடவுளைத் திட்டித் தீர்த்தேன், அழுது தீர்த்தேன். அவளோ, படுக்கை விரிப்பைச் சரியாக அலசவில்லை என்று நர்சிடம் மல்லுக்கு நின்றாள்.

கீமோவும் ஆன்டிபயாட்டிக்கும் குடலில் உள்ள நல்ல கிருமிகளையும் சேர்த்து அழித்துவிடும் என்றார் டாக்டர். அதனால் முன்கூட்டியே அவள் மலத்தை எடுத்து உறையவைத்து, பிறகு அந்தக் கிருமிகளை அவளுக்கே திருப்பிக் கொடுப்பதாக ஏற்பாடு. டப்பாவைக் கொண்டுபோகும் வேலை அத்தானுக்கு. அக்காவோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்திய மனிதர் சும்மா கொடுப்பாரா? டப்பாவுக்குள் கிருமிநாசினியைத் தாராளமாக ஊற்றிக் குலுக்கி நர்சிடம் நீட்டினார்.

"ஒரு கிருமி இருக்காதும்மா. அவ்வளவு சுத்தம்."

"ஐயா, எங்களுக்குக் கிருமிதாங்க வேணும்."

மறுபடி எடுப்பதற்குள் அக்காவுக்குக் காய்ச்சல் வந்து ஆன்டிபயாட்டிக் ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். வாய்ப்பு போயே போச்சு.

முதல் சுற்று கீமோவில் புற்று அடங்கியது, வயிறு அடங்கவில்லை. காலியான குடலில் கெட்ட கிருமி ஒன்று குடியேறி, மருந்து கொடுத்தால் பதுங்கியது, நிறுத்தினால் திரும்பி வந்தது. கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் நடந்தே அக்கா பாதியாகிவிட்டாள்.

"இது நிக்காம அடுத்த கீமோ போட முடியாது. ரொம்ப நாள் தள்ளினா புற்று திரும்பிடும்" என்றார் டாக்டர். இன்னொருவரின் மலத்திலிருந்து நல்ல கிருமிகளை எடுத்து கேப்சூலில் அடைத்துக் கொடுக்கலாம் என்று யோசனையும் சொன்னார்.

குடும்பத்தையே பரிசோதித்தார்கள். எனக்குச் சர்க்கரை. அத்தான் பல்வலிக்கு ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டிருந்தார். தேறியது ஒரே ஆள்தான். அத்தானின் அக்கா.

அவருக்கும் என் அக்காவுக்கும் ஏழாம் பொருத்தம். நாத்தனார் செடிகள் வளர்த்து விற்பவர். மண் கையோடு பழம் தின்பார், நாயை மடியில் வைத்துக்கொண்டே சாப்பிடுவார். தலைவலி என்று அவர் படுத்து நான் பார்த்ததில்லை.

"வேற ஆளே கிடைக்கலையா?" என்றாள் அக்கா. "அவங்க வீட்டுல பச்சைத் தண்ணி குடிக்காதவ நான். இதை முழுங்கணுமா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சுத்தமா செத்துப் போகலாம்னு பாக்கறியா? நீ போயிட்டா நான் யாரோட சண்டை போடுவேன்?" என்று கத்தினேன். கத்தி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

வாசலில் நின்ற நாத்தனார் உள்ளே வந்தார். "இந்தா பாரு, கேப்சூல்ல வாசனையே தெரியாதாம். உனக்காக நான் கை கழுவிட்டுத்தான் சாப்பிடறேன். எனக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை தெரியுமா?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக விழுங்கினாள்.

சில நாள் கழித்து ஒரு காலையில் கழிப்பறையிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். விழுந்துவிட்டாளோ என்று அலறியடித்துக்கொண்டு ஓடினேன். அவள் நின்றுகொண்டு உள்ளே கையைக் காட்டினாள்.

"பாரு, கெட்டியா வந்திருக்கு."

பார்த்தேன். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

வயிறு ஒரு வாரம் அப்படியே நின்றதும், டாக்டர் கீமோவுக்கு நாள் குறித்தார். அக்கா நேராக நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

"அண்ணி, நின்னுடுச்சு. திங்கக்கிழமை கீமோ போடறாங்க."

மறுமுனையில் விசும்பல் கேட்டது.

"ஏன் அண்ணி அழறீங்க?"

"என்கிட்ட வாங்கக் கூடாதுன்னே செத்துப் போயிடுவியோன்னு பயந்துட்டேன்டி."

அக்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு தேம்பினாள். திங்கட்கிழமை பக்கத்தில் உட்கார நாத்தனாரைத்தான் வரச் சொன்னாள். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.