கவிழ்த்து வைத்த போன்

என் வீட்டுக்காரருக்கு ஓரிடத்தில் சும்மா இருக்கத் தெரியாது. சலூன்காரருக்கு அது தோதுதான், நாளெல்லாம் நின்றே செய்கிற வேலை. ஆனால் வீட்டிலும் அதே கதை. சாப்பாட்டின் நடுவில் எழுந்துபோய்க் கதவுத் தாழ்ப்பாளைப் பார்ப்பார். பேசிக்கொண்டே துண்டை மடிப்பார், மடித்ததைப் பிரித்து மறுபடி மடிப்பார். இருபத்து மூன்று வருடமாக இந்த மனிதரோடு குப்பை கொட்டுகிறேன். ஒரு நாள்கூட இவர் காலாட்டாமல் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. இப்போது எதையுமே பார்க்க முடியவில்லை என்பது வேறு விஷயம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் எனக்குக் கண்ணில் புண் வந்து, இரண்டு கருவிழியிலும் வெள்ளை படர்ந்துவிட்டது. எதிரே ஆள் நிற்பது தெரியும், யாரென்று தெரியாது. கண் ஆஸ்பத்திரியில் மாற்றுக் கருவிழிக்குப் பெயர் எழுதி வைத்தோம். "யாராவது தானம் குடுத்தா போன் பண்ணுவோம். உடனே வர்றேன்னு சொல்லணும். எடுக்கலேன்னா அடுத்த பேருக்குப் போயிடும், அப்புறம் எங்களைச் சொல்லக்கூடாது," என்றார் பதிவு செய்த அம்மா. என் போனில் எதைத் தொட்டால் என்ன ஆகும் என்றே எனக்குத் தெரியாது. அதனால் இவர் எண்ணை மட்டும் கொடுத்தோம்.

அன்றோடு போயிற்று நிம்மதி. முன்பெல்லாம் முடி விழாமல் இருக்க, போனைக் கண்ணாடிக்குக் கீழே பலகையில் கவிழ்த்து வைப்பார். அது போய், இடது கையில் போன், வலது கையில் கத்தி என்றாகிவிட்டது. ஒரு கன்னம் மழிப்பதற்குள் நாலு தடவை போனைப் பார்ப்பாராம்.

போதாக்குறைக்கு என் தம்பி வேறு. செல்போன் கடையில் வேலை பார்க்கிறான், அந்தத் திமிர். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவன் இவர் போனைக் கையில் வாங்கினான்.

"மாமா, இதுக்குள்ள என்னென்ன ஒளிஞ்சிருக்குன்னு உங்களுக்கே தெரியாது. பின்னால ரெண்டு தட்டு தட்டினா டார்ச். ரெண்டு உதறு உதறினா கேமரா. காதுல வச்சாலே பேசலாம், பட்டனே வேணாம். தினமும் எவ்வளவு உதவும் தெரியுமா?"

கண்ணில் பட்டதையெல்லாம் போட்டுவிட்டுப் போனான். உதவி என்றால் அப்படியொரு உதவி! விரலால் தாளம் போடாமல் இருக்க முடியாத மனிதர் சட்டைப் பையில் அந்தப் போன். பகலிலேயே நெஞ்சில் விளக்கு எரிகிறது என்று கடைக்கு வந்தவர்கள் சிரித்தார்கள்.

அந்த வாரமே ஒருவரின் காதைக் கீறிவிட்டார். சின்னக் கீறல்தான், ஆனால் தெரு முழுக்கப் பேச்சு. எனக்கு வந்த கோபத்தில், "கையில வச்சு முறைச்சுப் பாத்தா சீக்கிரம் வந்துடுமா? பழையபடி கவிழ்த்து வச்சுட்டு வேலையைப் பாருங்க. வந்தா அடிக்காதா?" என்று கத்தினேன்.

மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்கு நான் துண்டு மடித்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஓர் உருவம் வந்து நின்றது. அசையவே இல்லை.

"யாரு?" என்றேன்.

"நான்தான்."

என் வீட்டுக்காரரை எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"அஞ்சு தடவை கூப்பிட்டிருக்காங்க. சத்தமே வரலை. கவிழ்த்துத்தான் வச்சிருந்தேன். திருப்பிக் கூப்பிட்டா, இப்பதான் அடுத்தவங்க வர்றேன்னு சொல்லிட்டாங்கன்னு…"

நான் அழுதேன், திட்டினேன், கையில் இருந்த துண்டை அவர் மேல் வீசினேன். கவிழ்த்து வைக்கச் சொன்னது நான்தான். அதை மட்டும் அந்த மனிதர் வாய் தவறிக்கூடச் சொல்லவில்லை.

சாயங்காலம் தம்பி வந்து போனை நோண்டிப் பார்த்தான். "கவிழ்த்து வச்சா சத்தம் நிக்கிறதும் இதுல இருந்திருக்குக்கா. பாக்காம போட்டுட்டேன்," என்றான். எனக்கு இரக்கம் வரவில்லை.

"எல்லாத்தையும் எடுத்துத் தொலை!"

இவர் போனில் எல்லாவற்றையும் எடுத்தான். பிறகு என் போனைக் கேட்டான். "உனக்கு ரெண்டே ரெண்டு போடறேன்க்கா. அடிச்சா காதுல வை, அதுவே எடுத்துக்கும். பின்னால ரெண்டு தட்டு தட்டினா மாமாவுக்குப் போகும். நீ எதையும் தேடவேணாம்."

"உன் வித்தையும் வேணாம், நீயும் வேணாம், கிளம்பு!"

கேட்டானா? போட்டுவிட்டுத்தான் போனான். ஆஸ்பத்திரிக்கும் போய் என் எண்ணை முதல் எண்ணாக எழுத வைத்தான். நான் அந்த வித்தைகளைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரருக்கும் அதில் நம்பிக்கை இல்லை. பகலில் யாரும் தனக்குப் போன் செய்யக் கூடாது, லைன் காலியாக இருக்க வேண்டும் என்று புதுச் சட்டம் போட்டார். கடையில் நிற்கும்போது கால் மாற்றி மாற்றி நிற்பார், வீட்டில் கதவுக்கும் ஜன்னலுக்கும் நடப்பார். ஏழு மாதம் இப்படியே போனது.

ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். மடியில் பாதி மடித்த துண்டு. போன் அடித்தது. எங்கே தொடுவது? தேய்த்தேன், அமுக்கினேன், அடித்துக்கொண்டே இருந்தது. உயிர் போய் உயிர் வந்தது. கடைசியில் தம்பி சொன்னது ஞாபகம் வந்து காதில் வைத்தேன். ஒரு சின்ன 'டிங்'.

"கண் ஆஸ்பத்திரியில இருந்து பேசறோம். பேஷன்ட் வீடுதானே?"

"நான்தாங்க பேஷன்ட்!"

"ரெண்டு மணிக்குள்ள வர முடியுமா?"

"வர்றேங்க, வந்துடறேங்க, வேற யாருக்கும் குடுத்துடாதீங்க!"

போனின் பின்பக்கம் இரண்டு தட்டுத் தட்டினேன். மணி அடித்தது. எடுத்தார்.

"லைனை காலியா விடுன்னு எத்தனை தடவை சொல்றது? வை!" வைத்துவிட்டார்.

மறுபடி தட்டினேன். துண்டித்தார். மூன்றாவது தடவையும் அதே. பாவி மனுஷா என்று வாய்விட்டுத் திட்டிக்கொண்டே செருப்பை மாட்டினேன். சுவரைத் தடவித் தடவி இரண்டு தெரு நடந்தேன். ஒரு வண்டிக்காரன் ஹாரன் அடித்தான், அவனுக்கும் சேர்த்து இரண்டு வார்த்தை விட்டேன். சோப்பு வாசனை வந்ததும் கடைப் படியேறினேன்.

"ஐயையோ, தனியா ஏன் வந்தே?" என்று பாய்ந்து வந்தார். "வண்டி கிண்டி இடிச்சிருந்தா? இந்த நேரம் பாத்து ஆஸ்பத்திரியில இருந்து போன் வந்தா நான் உன்னைப் பாப்பேனா, போனைப் பாப்பேனா?"

"வந்துடுச்சுங்க," என்றேன். "நான்தான் எடுத்தேன். ரெண்டு மணிக்குள்ள போகணும்."

கத்தியைப் பலகையில் வைக்கிற சத்தம் கேட்டது. "நீங்க கிளம்புங்க, நான் முகத்தைக் கழுவிக்கிறேன்," என்றது நாற்காலியில் இருந்த குரல். என் எதிரே நின்ற உருவம் அசையவே இல்லை. இந்த முறை நான் யாரென்று கேட்கவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கினேன்.